மணியகாரரின் அக்கா

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயரை ஊரில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை. பெரிய நாச்சியார் என்றும், அம்மா என்றும், ‘வளவிலை அவ’ என்றும்தான் சொன்னார்கள். நான் எழுதி வைத்தால் அந்தப் பெயரும் நிலைத்துவிடும். இருந்த காலமெல்லாம் எல்லாம் அவளுக்கே போயிற்று, இதாவது போகாமல் இருக்கட்டும். ஊரெல்லாம் ‘அவ’ என்று சொன்னவளை நான் ‘அவள்’ என்று எழுதுகிறேன். எண்பது வயதில் எனக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரம் இவ்வளவுதான்.

அவள் என் புருஷனின் அக்கா. என் புருஷன் வலிகாமத்தில் ஒரு பகுதிக்கு மணியகாரராக இருந்தவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மணியகாரர் என்றால் என்னவென்று தெரியாது. வெள்ளைக்கார ஏசண்டுத் துரை யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருப்பார். எங்கள் பகுதிச் சனங்களுக்குத் துரை மணியகாரர்தான். உடையார், விதானை எல்லாரும் அவருக்குக் கீழே. அவருடைய தகப்பனும் மணியகாரர், தகப்பனுடைய தகப்பனும் மணியகாரர். புத்தூர்ப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய வளவுக்கு, வீடும் காணியும் சேர்ந்த அந்த இடத்துக்கு, முன்னால் குடை பிடித்துக்கொண்டு ஒருவரும் நடக்கக்கூடாது. கொட்டுகிற மழையிலும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார்கள். அப்படி நனைந்து போனவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிரித்தும் இருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது.

எங்கள் நாட்டில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். எனக்கும் ஐயா தெல்லிப்பழையில் ஓட்டு வீடு கட்டித் தந்திருந்தார். நல்ல தண்ணீர்க் கிணறு, கிணற்றடியில் கமுகும் வாழையும். ஆனால் என் புருஷன் வரவில்லை. வழக்கு விசாரிக்கிற கந்தோர் இந்த வளவில் இருக்கிறது, ஒரு வருஷம் பொறுத்துக்கொள், பிறகு அங்கே போவோம் என்றார். ஊர் வழக்கத்துக்கு மாறாக நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடன் போனேன். போன வீடு யாருடையது? அவளுடைய சீதன வீடு. தாய் வழியாக அவளுக்கு வந்தது. ஒரு வருஷம் என்றது பதினாலு வருஷமாயிற்று. பதினாலு வருஷமும் நான் மச்சாளின் வீட்டில் விருந்தாளி. என்னுடைய வீடு தெல்லிப்பழையில் பூட்டிக் கிடந்தது.

அவளுக்கு என்னைவிடப் பதினாறு வயது கூட. கலியாணம் முடித்த இரண்டாம் வருஷம் புருஷன் நெருப்புக் காய்ச்சலில் செத்துப்போனான். பிள்ளை இல்லை. தாயும் முந்தியே போய்விட்டதால் தம்பியை அவள்தான் வளர்த்தாள். ஆள் கட்டை, நிறமும் கறுப்பு. வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து, இடுப்பில் பெட்டி, அறைகளைத் திறக்கிற ஒரு திறப்புக் கோர்வை. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் அப்போது நல்ல வடிவு. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை இங்கிலீசு படித்தவள். கழுத்தில் தாலிக்கொடி, காதில் தோடு, கையில் காப்பு. அவள் அறைக்குள் வந்தால் ஆட்கள் என்னைத் தாண்டி அவளைத்தான் பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

அவள் ஒருவரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொன்னதும் இல்லை. உள்ளுக்குள் இருந்தபடி, “உவருக்கு என்ன வேணுமாம்?” என்று மெல்லக் கேட்பாள். பதிலைக் கேட்டுவிட்டு, “பாப்பம்” என்பாள். அவ்வளவுதான். வெளியே நிற்கிறவன் அந்தப் ‘பாப்பம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளாமல் யோசிப்பான். அவள் என்ன நினைத்திருப்பாள் என்று அவனே நினைத்து, அவள் நினைக்காததையும் சேர்த்துச் செய்து முடிப்பான். அந்த வளவின் அதிகாரம் அப்படித்தான் நடந்தது.

என் புருஷன் மாதிரி மீசையும் தலைப்பாகையும் வைத்த மணியகாரர் அந்தப் பகுதியில் இருந்ததில்லை. கந்தோரில் கதிரையில் இருந்து வழக்கு விசாரிப்பார். சத்தமாக விசாரிப்பார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரம் வந்தவுடன் எழும்பி, தாகமாயிருக்கிறது என்று உள்ளே போவார். உள்ளே அவள் இருப்பாள். திரும்பி வந்து தீர்ப்புச் சொல்லுவார். ஊரில் ஏதாவது காரியம் இழுபட்டால், “மணியகாரர் தண்ணி குடிக்கப் போயிட்டார்” என்று சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு அது பிரசித்தம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நான் ஒரு வேலை செய்தேன். காலையில் ஒரு பெரிய வெண்கலச் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக் கந்தோர் மேசையில் அவருடைய கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். இனி உள்ளே போக என்ன காரணம் சொல்லுவார் பார்ப்போம் என்று யன்னலுக்குப் பின்னால் நின்றேன். அன்றைக்கு ஒரு வேலி வழக்கு. எல்லாம் கேட்டு முடித்தார். செம்பைப் பார்த்தார். தூக்கி ஒரு வாய் குடித்தார். பிறகு தண்ணீர் சுடுகிறது என்று சொல்லி எழும்பி உள்ளே போனார். விடிய அள்ளிய கிணற்றுத் தண்ணீர் சுடுகிறதாம்! வழக்குக்கு வந்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. சாப்பிடாததை அவள்தான் கவனித்தாள், அவர் கவனிக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் பாற்கஞ்சி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். அந்தக் கஞ்சியைக் குடித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

இன்னொரு தரம் ஏசண்டுத் துரை எங்கள் வளவுக்கு வந்தார். அவருடைய பெண்சாதி துரைசாணியும் கூட வந்தாள். இது என்னுடைய நாள் என்று நினைத்தேன். மச்சாளுக்கு இங்கிலீசில் ஒரு சொல்லும் தெரியாது. நான் கூறைச் சேலை உடுத்துத் துரைசாணிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து காலநிலை, பள்ளிக்கூடம் எல்லாம் கதைத்தேன். துரைசாணி தலையை ஆட்டினாள், விசிறிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் மச்சாள் உள்ளே இருந்து வந்து வாசலில் நின்று துரைசாணியைப் பார்த்தாள். பிறகு என்னிடம், இந்தப் பிள்ளை கொஞ்ச நாளுக்கு முன் ஒன்றை வயிற்றில் இழந்திருக்கிறது, கேள் என்றாள். அதை எப்படிக் கேட்பது? நான் பாதியை விழுங்கி, உடம்பு சுகமா என்று மட்டும் கேட்டேன். மச்சாளுக்கு அது போதாதென்று விளங்கியிருக்க வேண்டும். கிட்ட வந்து துரைசாணியின் அடிவயிற்றுக்கு நேரே கையைக் காட்டி, தலையை ஆட்டினாள். துரைசாணி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். நான் நடுவில் கூறைச் சேலையோடு இருந்தேன். துரை போகும்போது வணக்கம் சொன்னது அவளுக்குத்தான்.

இரக்கக்காரி என்று நினைத்துவிடக்கூடாது. அதே கைதான் மற்றதையும் செய்தது. ஒரு வாத்தியார் இருந்தார். மழையில் குடையை மடக்காமல் வளவுக்கு முன்னால் நடந்து போனவர் அவர். ஏதோ புதுக் கொள்கை. அவள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வாத்தியாரின் தாய் செத்தாள். கட்டாடி வெள்ளை விரிக்க வரவில்லை, அம்பட்டன் வரவில்லை, பறை இல்லை. துணி வெளுக்கிறவனும் மயிர் வெட்டுகிறவனும் வராவிட்டால் எங்கள் ஊரில் நன்மையும் நடக்காது, தின்மையும் நடக்காது. பிரேதம் இரண்டாம் நாளும் கிடந்தது. வாத்தியார் மேலுக்குச் சால்வை இல்லாமல், அதை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் படலையடியில் வந்து நின்றார். அவள் வெளியே போகவில்லை. படலையைத் திறந்து விடச் சொன்னாள். அன்று பின்னேரமே கட்டாடி போனான், எல்லாரும் போனார்கள்.

அந்த மனிதர் படலையடியில் நின்ற நிற்பை நான் பார்த்தேன். தாய் அழுகிக்கொண்டு கிடக்கிறாள், மகன் இங்கே நிற்கிறான். எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? இரக்கம்தானே? வரவில்லை. அவர் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டியது எனக்கு முன்னால் அல்லவா, மணியகாரரின் பெண்சாதி நான் அல்லவா என்றுதான் வந்தது. அந்தப் பட்டம் என் கையில் நாய் பெற்ற தெங்கம்பழமாகக் கிடந்தது. உருட்டத்தான் முடிந்தது, உடைத்துத் தின்ன முடியவில்லை.

வீட்டை அவளுக்கு விட்டேன், புருஷனையும் விட்டேன். பிள்ளையை விட முடியவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு பெண்பிள்ளை. அது பால்குடி மறந்த நாளிலிருந்து அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் திரிந்தது. விழுந்தால் “மாமி” என்றுதான் அழும். காய்ச்சல் வந்தால் மாமியின் பாயில்தான் படுக்கும். நான் சீப்போடு தலை இழுக்கக் கூப்பிட்டால், மாமி இழுத்துவிட்டா என்று ஓடிவிடும். எத்தனை தரம் அந்தப் பிள்ளையை ஒன்றுமில்லாததற்கு அடித்திருக்கிறேன். அடி வாங்கியும் அவளிடம்தான் போகும்.

பத்து வயதானபோது ஒரு உபாயம் செய்தேன். தெல்லிப்பழையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளையும் இங்கிலீசு படிக்கட்டும், என் அண்ணையின் வீட்டில் நிற்கட்டும் என்று புருஷனிடம் கேட்டேன். அவர் தண்ணீர் குடிக்கப் போனார். அவள் என்ன நினைத்தாளோ, மறுக்கவில்லை. படிப்புக்கென்றுதான் பிள்ளையை அங்கே அனுப்பினேன். என் மனதில் இருந்தது வேறு. பெண்பிள்ளை, இன்றைக்கோ நாளைக்கோ வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகும். தெல்லிப்பழையில் வைத்து அப்படி ஆகிவிட்டால் சடங்குத் தண்ணீர் வார்வை என்னுடைய வீட்டில், என்னுடைய கிணற்றில் நடக்கும். மாமி முறையில் அண்ணையின் பெண்சாதி வார்ப்பாள். ஒரு நாளாவது என் பிள்ளை என் வீட்டுப் பிள்ளையாக இருக்கும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

நினைத்தபடியே ஆயிற்று. ஜேர்மன்காரனோடு இரண்டாம் யுத்தம் தொடங்கியிருந்த காலம். பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டது என்று அண்ணை ஆள் அனுப்பினார். புருஷனிடம் சொன்னேன், அங்கேயே வைத்து வார்க்கப் போகிறோம் என்று. அவர் உள்ளே போய்விட்டு வந்து, “அக்கா பாப்பமெண்டு சொல்லுறா” என்றார். பதினாலு வருஷத்தில் முதல் தரம் நான் அந்தச் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டி பிடித்துப் போய்விட்டேன். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, கூட்டி, சாணம் தெளித்து, பிள்ளையைக் கொண்டுவந்து ஒரு மூலையில் மறைப்புக் கட்டி இருத்தினேன். அந்தக் கொஞ்ச நாள் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதத் தெரியவில்லை.

வார்வை நாள் வந்தது. பந்தல் போட்டாயிற்று, பலகாரம் சுட்டாயிற்று, இனசனம் வந்தாயிற்று. கட்டாடி மட்டும் வரவில்லை. பிள்ளையின் தீட்டுப்பட்ட துடக்குச் சீலையை அவன் வீட்டுப் பெண் வந்து எடுத்து, மாற்றுச் சீலை கொடுத்தால்தான் பிள்ளையைக் கிணற்றடிக்குக் கொண்டுவரலாம். அண்ணை அவனுடைய வீட்டுக்குப் போனார். கட்டாடி கைகட்டிக்கொண்டு அழாக்குறையாகச் சொன்னானாம், “ஐயா, மணியகாரரின்ரை வளவிலையிருந்து இன்னும் சொல் வரேல்லை. நான் பிள்ளைகுட்டிக்காரன்.” புத்தூர் எங்கே, தெல்லிப்பழை எங்கே! அவளுடைய பகுதிகூட இல்லை இது. அவளைப் பற்றிய பயம் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வந்த பெண்டுகள் ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுத்தார்கள். மறைப்புக்குள் பிள்ளை அழுதது. வாத்தியார் படலையடியில் நின்ற மாதிரி நான் என் சொந்த முற்றத்தில் நின்றேன்.

அப்போதுதான் வளவு வண்டி வந்து நின்றது. அவள் இறங்கினாள். புருஷன் செத்த பிறகு கோயிலைத் தவிர ஒரு படலையும் தாண்டாதவள், என் படலையைத் தாண்டி வந்தாள். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டாடி இல்லாததைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நேரே மறைப்புக்குள் போய்ப் பிள்ளையின் துடக்குச் சீலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சேலையைத் தூக்கிச் சொருகினாள். தண்ணீர் அள்ளி, கல்லில் போட்டு, ஊர்ச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்க, மணியகாரரின் அக்கா அந்தச் சீலைகளைத் தன் கையால் அடித்துத் தோய்த்தாள்.

செய்தி எப்படிப் போனதோ, கட்டாடியும் பெண்சாதியும் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து கிணற்றடியில் அவளுடைய காலில் விழுந்தார்கள். அவள் மாற்றுச் சீலையை மட்டும் கொடுக்கச் சொன்னாள்.

நான் கிட்டப் போனேன். “நீங்களோ மச்சாள் கட்டாடியை மறிச்சனீங்கள்?”

“நான் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை,” என்றாள். “சொல்லாமல் இருந்ததுதான் பிழையாப் போச்சு.”

நம்புகிறேன். அன்றைக்கும் நம்பினேன். நம்பியது என் வயிற்றெரிச்சலைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. சும்மா இருந்தே என்னை நடுமுற்றத்தில் நிறுத்திவிட்டாள். பிறகு வந்து ஒரு கட்டாடிப் பெண்ணின் வேலையைச் செய்து, ஊர்ச் சனத்தின் வாயைப் பிளக்க வைத்துவிட்டாள். அன்றைக்கு வந்த ஒருவராவது என் பிள்ளையைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

பிள்ளையைக் கொண்டுவந்து பலகையில் இருத்தினோம். அண்ணையின் பெண்சாதி செம்பைத் தேடினாள். செம்பு மச்சாளின் கையில் இருந்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்தபடி என் பக்கத்தில் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கக் கேட்டாள்.

“ஒரு செம்பு நான் வாக்கட்டோ?”

அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் காதால் கேட்டது அதுதான் முதல். தன் வளவில் வைத்து அவளே வார்த்திருந்தால் ஒரு சனமும் வாய் திறந்திருக்காது. அதற்காகத்தான் அந்தப் ‘பாப்பம்’ என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வளர்த்த பிள்ளைக்கு ஒரு செம்பு தண்ணீர். அவ்வளவு ஆசை அவளுக்கு இருந்திருக்கிறது. அதைக் கொடுக்கவோ மறுக்கவோ உரிமை உள்ளவள் நான். என் கை தானாகத் தாலிக்கொடியைத் தொட்டது.

“இது சுமங்கலி வாக்கிற தண்ணியெல்லோ, மச்சாள்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. “ஓம். அதை நான் யோசிக்கேல்லை,” என்றாள். எல்லாவற்றையும் யோசிக்கிறவள். செம்பைக் கிணற்றுக் கட்டில் மெல்ல வைத்துவிட்டு, நனைந்த சேலையோடு வீட்டுக்குள் போய்க் குசினிக்குப் பக்கத்து அறையில் கதவுக்குப் பின்னால் இருந்துவிட்டாள். கைம்பெண்கள் நல்ல காரியத்தில் இருக்கிற இடம் அதுதான்.

தண்ணீர் வார்த்தாயிற்று. குரவை கேட்டது. பதினாலு வருஷம் காத்திருந்து வாங்கிய வெற்றி, ஒரு செம்பு தண்ணீர் தலையில் விழுகிற நேரம் மட்டும் இனித்தது. ஈரம் துவட்டிப் பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளை குளிரில் நடுங்கிக்கொண்டு கேட்ட முதற் கேள்வி, “மாமி எங்கை?”

அடுத்த அறையில் அவள் இருக்கிறாள். நடுவில் ஒரு பலகைக் கதவு. நான், “மாமி போயிட்டா” என்றேன். ஏன் சொன்னேன்? அந்த ஒரு நாளையும் பங்கு போட எனக்கு மனமில்லை, அதனால் சொன்னேன்.

அது பலகைக்கு அப்பாலும் கேட்டிருக்க வேண்டும். பிறகு பின்வாசற் கதவு மெல்லத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் சொன்ன பொய்யை மெய்யாக்குவதற்காக, ஈரச் சேலையோடு, ஒரு வாய் தண்ணீரும் குடியாமல் அவள் எழும்பிப் போனாள். தன்னால் பிள்ளை என்னைப் பொய்க்காரி என்று நினைக்கக்கூடாதாம். ஆனால் வண்டி மாட்டுக்கு அது தெரியுமா? படலையடியில் சலங்கை குலுங்கிற்று. வண்டிச் சில்லு கல்லில் ஏறி இறங்கிப் புறப்பட்டது.

பிள்ளை யன்னலைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

“அம்மா, மாமி இப்பதானே போறா,” என்றது.

அதற்கு முன்னும் அவளிடம் நான் எத்தனையோ தரம் தோற்றிருக்கிறேன். என் பிள்ளை பார்த்திருக்கத் தோற்றது அன்றைக்குத்தான்.